தாடியில இருந்த வெள்ளைப்போளம்

எருசலேம்ல எல்யாசீப்னு ஒரு பெரிய பணக்காரர். தெருவுல அவருக்கு முன்னாடி அவரோட தாடி வரும், தாடிக்கு முன்னாடி அதோட வாசனை வரும். அவர் வீட்டு வேலைக்காரி மில்க்காள். சமையக்காரிக்குக் கையில சூடு பட்டுப் புண்ணாயிடுச்சுன்னு, வெள்ளைப்போளம்ங்கிற வாசனைப் பிசினைக் குழைச்சுத் தடவிக்கிட்டிருந்தா. அந்த நேரம் பார்த்து எசமான் உள்ள வந்துட்டார்.

"அடியே! பொணத்துக்குப் பூசுற பிசினை என் வீட்டுக்குள்ள கொண்டு வந்தியா? சாயங்காலம் விருந்துக்கு ஆளுங்க வரும்போது அது ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் உனக்கு இங்க வேலை கிடையாது!"

"எல்லாத்தையும் எடுத்துரணுமா எசமான்?"

"எல்லாத்தையும்!"

சாயங்காலம் ஊர்ப் பெரியவங்க விருந்துக்கு வந்தா, எசமானோட மெத்தை தெருவுல கிடக்கு. பக்கத்துல திராட்சரச ஜாடி. அதுமேல எசமானியம்மா கழுத்துல எப்பவும் தொங்குற வாசனைப் பை.

"என்னடி இதெல்லாம்?"

"மெத்தையில தெளிச்சதும் ரசத்துல கலந்ததும் பையில கட்டினதும் அதே பொணப் பிசின்தான் எசமான். இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி." இடுப்புல இருந்து சவரக்கத்தியை உருவினா. "கொஞ்சம் தாடியைக் காட்டுங்க."

அந்த ஊர்ல தாடி போனா மானமே போன மாதிரி. எசமான் ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டார்.

"வேணாம்மா! அது... அது நல்ல சாமான்தான்!"

"அப்போ புண்ணுக்குத் தடவலாமா?"

"தாராளமா தடவும்மா!"

மில்க்காள் நிமிர்ந்து நடந்து அடுப்படிக்குப் போனா. மெத்தையை உள்ள இழுத்துட்டு வந்தது எசமான்தான். ஒத்தைக் கையால இழுத்தார். இன்னொரு கை தாடியை விடவே இல்ல.