சாயம் ஊற்றுவதற்கு முன்

பார்மசி கல்லூரியில் பல வருஷம் பாடம் நடத்திவிட்டு, ஐம்பது வயதில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர் சவரிநாதன். வழிகாட்டி தாஹிரா அவரைவிட வயதில் சின்னவர்.

அன்று காலை ஆய்வகத்துக்குள் நுழைந்த சவரிநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மேடம், நம்ம மூட்டுவலி மருந்து பாஸ்! இதயத்துக்குக் கெடுதல் பண்ணுதான்னு பார்த்தேன், இதயச் செல் ஒண்ணுகூடச் சாகலை. இனி மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்னு எழுதிடலாமா?"

அவசரத்துக்குக் காரணம் உண்டு. அவர் மனைவி லூர்துக்கு விரல்கள் முடங்கிவிட்டன, தலை பின்னக்கூட முடியவில்லை. மருந்து உனக்குத்தான் முதலில் என்று அவளிடம் சொல்லியும் விட்டார். மனுஷனுக்கு வாய் சும்மா இருக்குமா!

"சாகலைன்னு எப்படித் தெரியும் சார்?"

"சாயம் ஊத்தினேன். உயிர் இருக்கிற செல்லுலதானே நிறம் ஏறும்? அத்தனையும் ஏறியிருக்கு. மெஷினே சொல்லுது."

"ஊத்துறதுக்கு முன்னாடி கண்ணால பார்த்தீங்களா?"

"மெஷின் இருக்கும்போது கண்ணு எதுக்கு மேடம்?"

தாஹிரா, சின்னச் சின்னக் குழிகளில் சிலவற்றில் மட்டும் மருந்து போட்ட, சாயம் படாத இன்னொரு தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தார். யாரோ கொடுத்த தோல் துணுக்கின் செல்களை மாற்றி வளர்த்தெடுத்த இதயச் செல்கள் அவை.

"முதல்ல மருந்து போடாத குழி. பாருங்க."

பார்த்தவர் "ஐயோ!" என்றார். உடம்பு இல்லை, ரத்தம் இல்லை. ஆனாலும் துடித்தது. ஓரத்தில் ஒரு செல் வெட்டி இழுக்க, குழி முழுவதும் ஒன்றாய்ச் சுருங்கி விரிந்தது. அவர் கை தானாகச் சிலுவை போட்டது.

"எல்லாம் சேர்ந்து துடிங்கன்னு இதுங்களுக்கு யாரு மேடம் சொன்னது?"

"மின்சாரம்னு புத்தகத்துல இருக்கு. எனக்குத் தினமும் புல்லரிக்குது." தாஹிரா தட்டை நகர்த்தினார். "இப்ப உங்க மருந்து போட்ட குழி."

செல்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. ஒன்றுகூடத் துடிக்கவும் இல்லை.

சவரிநாதனுக்கு முகம் சுண்டிப்போனது.

தாஹிரா அந்தக் குழியிலிருந்த மருந்தை உறிஞ்சி எடுத்தார். சுத்தமான திரவம் விட்டு அலசினார். மறுபடியும் அலசினார். இருவரும் காத்திருந்தார்கள்.

முதலில் ஒரு செல் லேசாய்த் துடித்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு சொல்லிவைத்தாற்போல் குழி முழுக்கத் துடிப்பு.

"வந்துடுச்சு! ஆண்டவரே, வந்துடுச்சு!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கழுவினா சரியாயிடுதே மேடம். அப்போ பயமில்லைதானே? லூர்துக்குக் கொடுக்கலாம்தானே?"

தாஹிரா குரலைத் தாழ்த்தினார்.

"தட்டுல இருந்ததை நான் கழுவிட்டேன் சார். லூர்து அக்கா முழுங்கினப்புறம், அவங்க நெஞ்சை யாரு கழுவுறது?"