கழற்றிய பலகை

“நான் மாவையே மாத்திக்கிட்டிருந்தேன் அக்கா. கல்லை ஒருநாளும் பார்க்கல.”

படிக்கட்டின் கீழே, இஸ்திரிக் கடை வாசலில் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். தோசை ஒரே இடத்தில் ஒட்டுகிற கதை. வேல்மயில் அதைக் காதில் வாங்கியபடியே, கணினியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மாடி ஏறினார்.

பதினெட்டு ஆண்டுகள் மலைப்பாதைப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். முழங்கால் பேருந்துக்கு ஆகாமல் போனபின், நாற்பத்தொன்பதாம் வயதில், கணினி பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். மாடியில் இருந்த அவருடைய குரு பிலோமிக்கு வயது இருபத்தாறு.

மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேசைக்கு அடியில் படுத்திருந்தது.

“தேன் சங்கத்து கம்ப்யூட்டர் மறுபடியும் வந்துடுச்சு டீச்சர். நாலாவது தடவை. பேசாம இதுக்கு சீசன் பாஸ் கொடுத்துடலாம்.”

பிலோமி சிரித்தாள். “எப்போ எப்போ நின்னுபோகுது?”

“முதல்ல படம் பார்க்கும்போது. விண்டோஸை மாத்திப் போட்டேன். அப்புறம் பிரிண்ட் எடுக்கும்போது. பிரிண்டர் சாஃப்ட்வேரை மாத்தினேன். அப்புறம் லெட்டர் அடிக்கும்போது. நேத்து பாட்டு கேட்கும்போது. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் டீச்சர். எங்க வீட்டுச் சண்டை மாதிரி.”

“வீட்டுல என்ன அண்ணே?”

“என் சம்சாரம் இந்திராணி வெள்ளிக்கிழமை காலைல போடிக்கு டிக்கெட் போட்டுட்டா. அவங்க அண்ணன் வீட்டுக்கு.”

“நாலு நாள் இருந்துட்டு வரட்டுமே.”

“திரும்பி வர டிக்கெட் போடல. நான் கண்டக்டர். எனக்குத் தெரியாதா?”

அன்று புதன்கிழமை.

பிலோமி கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே, விசிறிக்கு அருகே, ஒரு தேனீ செத்து உலர்ந்து கிடந்தது. அதை ஒரு காகிதத் துண்டில் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு பென் டிரைவைச் செருகிச் சோதனையை ஓடவிட்டாள். கறுத்த திரையில் எண்கள் மெல்ல ஏறத் தொடங்கின.

“இது என்ன பண்ணுது டீச்சர்?”

“மெமரியில ஒவ்வொரு இடத்துலயும் ஒண்ணை எழுதும். அப்புறம் எழுதினது அப்படியே இருக்கான்னு திருப்பிப் படிக்கும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

முதல் சுற்று முடிந்தது. ஒரு பிழையும் இல்லை.

“நல்லாத்தான் இருக்கு. நிறுத்திடலாமா?”

“ஓடட்டும்.”

பனி இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. எதிர்ச்சுவர் மங்கியது. எங்கோ ஒரு பேருந்து வளைவில் ஒலியெழுப்பியது. வேல்மயில் தன்னையறியாமல் அது எந்த வண்டி என்று யோசித்தார்.

பிலோமி ஒரு அட்டையைத் திருப்பி வைத்துப் பேனாவை எடுத்தாள். “வீட்டுல எதுக்கெல்லாம் சண்டை?”

“சொன்னா சிரிப்பீங்க.”

“சிரிச்சா நிறுத்திடுங்க.”

“போன வாரம் பழைய காலண்டரைக் கிழிச்சுப் போட்டேன். வருஷம் முடிஞ்ச காலண்டர். அதுக்கு ஒரு சண்டை.”

அவள் எழுதினாள்.

“அப்புறம் கொத்தமல்லி. வேரை வெட்டிக் குப்பையில போட்டுட்டேன். அவ அதை நட வெச்சிருந்தாளாம். ரெண்டு நாள் பேச்சே இல்லை.”

எழுதினாள்.

“ஞாயித்துக்கிழமை பரணைச் சுத்தம் பண்ணேன். நல்லது பண்ணேன் டீச்சர்! ஒடஞ்ச கூடையை எல்லாம் தெருவுல வெச்சேன். அன்னைக்குத்தான் டிக்கெட் போட்டா.”

பிலோமி அதையும் எழுதி, அட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள். வேல்மயில் படித்தார். தாடையைத் தடவிக்கொண்டார்.

மூன்றாவது சுற்றில் திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது.

பிலோமி பிழை வந்த இடத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு சோதனையை முதலிலிருந்து ஓடவிட்டாள். இருவரும் தேநீர் குடித்தார்கள். நெடுநேரம் கழித்து மறுபடியும் சிவப்பு வரி. அதே எண்.

“அப்போ பிரிண்டர் மேல தப்பில்லையா?”

“இல்லை.”

“பாட்டு மேல?”

“இல்லை. கொஞ்சமா வேலை கொடுத்தா அந்த இடம் வரைக்கும் போகாது. எது ஓடினாலும், நிறைய ஓடினா போகும். அங்க வெச்சது வெச்ச மாதிரி திரும்பி வராது.”

வேல்மயில் அட்டையை மறுபடியும் எடுத்தார். இந்த முறை மெதுவாகப் படித்தார்.

“பதினோரு வருஷம் முன்னாடி வீடு மாத்தினோம்” என்றார். “ஒரு பெரிய கட்டு இருந்துச்சு. இந்திராணி காலேஜ்ல படிக்கும்போது இந்த மலையெல்லாம் சுத்தி இலை பறிச்சு, காய வெச்சு, தாள்ல தெச்சு, பேர் எழுதி வெச்சிருந்தா. எனக்கு அது பூச்சி அரிச்ச பழைய பேப்பராத் தெரிஞ்சுது. பழைய பேப்பர் கடையில எடைக்குப் போட்டுட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. இன்னைய வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

பிலோமி எழுந்து கணினியை அணைத்தாள். “மெமரி ரெண்டு ரேம்ல இருக்கு. ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க.”

சீப்பு நீளத்தில் இரண்டு பச்சைப் பலகைகள். வேல்மயில் ஒன்றைக் கழற்றி, மற்றதை மட்டும் வைத்துச் சோதித்தார். ஐந்து சுற்று ஓடியும் பிழை இல்லை. அதை எடுத்துவிட்டு, கழற்றியதைப் போட்டார். மூன்றாவது சுற்றில் சிவப்பு வரி வந்தது.

“மாட்டிக்கிட்டான்!”

கணினியை அணைத்து, அந்தப் பலகையைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் எறிந்தார். டக்கென்று ஒரு சத்தம்.

பிலோமியின் கை திருப்புளியோடு அப்படியே நின்றது.

“கேட்டீங்களா?”

“யார்கிட்ட?”

“தேன் சங்கத்துல.”

“இது கெட்டுப்போனதுதானே டீச்சர்? இதை வெச்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க?”

அவள் குனிந்து கூடையிலிருந்து பலகையை எடுத்தாள். ஊதினாள். துணியால் துடைத்தாள். ஒரு உறையில் போட்டாள். ஜன்னல் விளிம்பிலிருந்த தேனீயையும் காகிதத்தோடு மடித்து அதே உறைக்குள் வைத்தாள். மேலே, தேன் சங்கம் என்று எழுதினாள்.

“கெட்டுப்போனதுதான்” என்றாள். “ஆனா அவங்களோடது.”

வேல்மயில் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார்.

வீட்டில் இந்திராணி பையில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது.

“அந்தக் கட்டுல எத்தனை இலை இருந்துச்சு?”

அவள் கை நின்றது. எந்தக் கட்டு என்று கேட்கவில்லை.

“நூத்திப் பன்னெண்டு.”

“உன்னைக் கேட்காம போட்டுட்டேன்.”

“ஆமா.”

ஜன்னல் கம்பிகளுக்கு இடையே பனி நகர்ந்துகொண்டிருந்தது.

“முதல் தாள்ல என்ன இருந்துச்சு இந்திரா?”

அவள் மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒரு பெரணிச் செடி” என்றாள். “வெள்ளையா இருக்கும். கையில வெச்சு அமுக்கினா இலை அப்படியே கையில பதியும். உங்க ரூட்லதான். அருவிக்கு முந்தின வளைவு.”

அவள் உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பியிருந்தது.

வேல்மயில் அட்டையை எடுத்தார். மூன்று வரிகளுக்குக் கீழே ஒன்று என்று எண் போட்டு, அவள் சொன்னதை எழுதினார். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினார்.

“முழுசும் வெள்ளை இல்லைங்க. அடிப்பக்கம் மட்டும்.”

‘அடிப்பக்கம் மட்டும்’ என்று சேர்த்து எழுதி, அதன் கீழே இரண்டு என்று எண் போட்டார்.