பரண்மேல் பெரியப்பா

அநியாயம் கேள்விக்குத்தான் நடந்தது. டாக்டர் ஜெசிந்தாவின் நாக்கில் குடியிருந்த கேள்வி ஒன்றை, வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, அறையை விட்டு வெளியே துரத்தினார்கள். அது திருடவில்லை, யாரையும் வையவில்லை. கேட்டது. கேள்வி கேட்காமல் வேறென்ன செய்யும்?

மிளகும் காபியும் விளைகிற ஒரு மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஒரு நாள் ஒரு பையனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வீட்டில் இருந்த நாட்டுத் துப்பாக்கியை எடுத்து விளையாடியிருக்கிறான். டாக்டர் ஜெசிந்தாவால் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. குழாயடியில் கை கழுவிக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றார். அப்போதுதான் அவர் நாக்கில் அந்தக் கேள்வி பிறந்தது.

“வீட்டில் துப்பாக்கி இருக்கா?”

அந்தப் பையன் சாவதற்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும் நாம் என்ற ஆத்திரம் பிறவியிலேயே அதற்கு இருந்தது. இனி ஒரு பிள்ளைக்கும் பிந்தி வரக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டது.

மறுநாளிலிருந்து, பிள்ளைகளோடு வருகிற எல்லாரிடமும் டாக்டர் அதைக் கேட்டார். எல்லாரும் ‘இல்லை’ என்றார்கள். காட்டுப்பன்றி வந்து கிழங்கையெல்லாம் தோண்டிப் போடுகிற மலையில், ஒரு வீட்டில்கூட இல்லையாம்!

இப்படி இருக்கையில், வீரணன் என்ற காபித் தோட்டக்காரர் தன் மகள் மிதுனாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவளுக்கு ஐந்து வயது. மூச்சிளைப்பு. டாக்டர் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் அதையும் கேட்டார்.

வீரணனுக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. “புள்ளைக்கு இளைப்புன்னு வந்தா இளைப்பைப் பாருங்க டாக்டரம்மா. எங்க வீட்டுக்குள்ள எதுக்கு எட்டிப் பாக்குறீக? நாளைக்கு அடுப்புல என்ன வேகுதுன்னும் கேப்பீகளா?”

“கேட்பேனே. விறகுப் புகைதான் இவளுக்கு இளைப்பைக் கிளப்புது.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வீரணனைக் கிளப்பிவிட்டது. அவர் கவுன்சிலரிடம் போனார். கவுன்சிலர் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். பெரிய டாக்டர் ஜீப் ஏறி வந்து, நாற்காலியில்கூட உட்காராமல் தீர்ப்புச் சொன்னார்.

“துப்பாக்கிங்கிற வார்த்தையே இந்த ரூம்ல கேட்கக் கூடாது ஜெசிந்தா. ஜனங்க கோவிச்சுக்கிட்டு வராமப் போயிட்டா யாருக்கு வைத்தியம் பார்க்கப் போறீங்க?”

நியாயமான பேச்சு மாதிரித்தான் இருக்கிறது, இல்லையா? அதனால்தான் டாக்டர் ஜெசிந்தாவும் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினார். மூடிய வாய்க்கு வெளியே விழுந்தது கேள்வி.

செருப்புகள் கிடக்கிற வாசலில் அது உட்கார்ந்திருந்தது. உள்ளே இருந்த மூத்த கேள்விகள் இரண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தன.

“அழாதேடி,” என்றது, ‘வெளிக்கு ஒழுங்கா போகுதா?’ என்ற குண்டுக் கேள்வி. “என்னைக் கேட்டப்போ எத்தனை பேர் மூக்கைச் சுளிச்சாங்க தெரியுமா? இப்ப நான் வராட்டித்தான், ‘என்ன டாக்டரு, ஒண்ணுமே விசாரிக்கலை’ன்னு குறைப்பட்டுக்கிறாங்க.”

“நான் அழறேன்னு யாரு சொன்னா?” என்றது நம் கேள்வி.

‘வீட்டுக்காரர் அடிக்கிறாரா?’ என்ற இன்னொரு கேள்வி குரலைத் தாழ்த்தியது. “என்னையும்தான் துரத்தினாங்க. ‘குடும்ப விஷயம்’னாங்க. நான் கதவைச் சாத்தின பிறகு மெதுவா வருவேன். உனக்கு மெதுவாப் பேச வரலை, அதான் உன் வியாதி.”

“நான் ஏன் மெதுவாப் பேசணும்? அந்தப் பையன் மெதுவாவா செத்தான்?”

“வாய்ச்சவடாலுக்குக் குறைச்சல் இல்லை. ஆனா ஒண்ணு யோசி. ஒரு ஆள் இல்லைன்னா, பொய்னு சொல்லலாம். மலையே இல்லைங்குது. அப்போ கோளாறு பதில்ல மட்டுமா இருக்கும்?”

கேள்விக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து, மூச்சிளைப்புக்கு மருந்துப் புகை இழுத்து முடித்த மிதுனாவை வீரணன் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவள் சடையில் ஒரு சிவப்பு ரிப்பன் தொங்கியது. கேள்வி ஒரே தாவாகத் தாவி அதைப் பிடித்துக்கொண்டது.

வீடு தோட்டத்துக்கு நடுவில், தகரக் கூரை போட்ட வீடு. வீரணனும் அவர் மனைவி வனிதாவும் காபிச் செடிப் பக்கம் வேலைக்கு இறங்கினார்கள். அவர்கள் தலை மறைந்ததுதான் தாமதம், மிதுனா தன் குட்டித் தம்பியைக் கூட்டிக்கொண்டு, மூலையில் கிடந்த ஏணியை இழுத்துப் பரணில் சாய்த்தாள்.

“டேய் தம்பி, கெட்டியாப் பிடிச்சுக்கோ. பெரியப்பாவைப் பார்த்துட்டு வாரேன்.”

பரணில் யாரையாவது படுக்க வைப்பார்களா என்று கேள்விக்கு ஆச்சரியம். மேலே போய்ப் பார்த்தால், சாக்குப் போர்த்திக்கொண்டு நீளமாக ஒருவர் படுத்திருந்தார். இரும்புக் கழுத்து. வட்ட வாய். துப்பாக்கி.

“பெரியப்பா, எந்திரிங்க. மிக்சர் கொண்டாந்திருக்கேன்,” என்று சாக்கை விலக்கினாள் மிதுனா. குழலின் வாயில் ஒவ்வொன்றாக நிலக்கடலையைப் போட்டாள்.

துப்பாக்கி கண் திறக்காமலே சிரித்தது. “யாரு அது ரிப்பன்ல? ஆஸ்பத்திரியில விரட்டினாங்களே, அந்த வாயாடியா?”

“நீ இங்கேயா இருக்கே? அப்புறம் ஏன் இல்லைன்னாங்க?”

“இந்த வீட்ல துப்பாக்கி ஏது? நான் பெரியப்பா. பிள்ளைங்க பஸ்ல, பள்ளிக்கூடத்துல உளறிட்டா போலீசு வந்துரும்ல? அதனால வீட்டுக்கு வீடு எனக்கு ஒரு முறை வெச்சிருக்காங்க. மேலத்தெருவுல நான் மாமா. ஓடைக்கு அந்தப் பக்கம் சம்பந்தி. இந்த மலையில எனக்கு இருக்கிற சொந்தபந்தம் எவனுக்கும் கிடையாது.”

“வயிறு காலியாத்தானே இருக்கு?”

“நல்லா இருக்கே! பன்றி சொல்லிட்டா வருது? வெடிமருந்தும் குண்டும் கெட்டிச்சுத்தான் படுக்க வைப்பான். எழுப்பினா வேலைக்குத் தயாரா இருக்கணும்ல?”

மிதுனா அதன் விசையைத் தடவிக்கொண்டிருந்தாள். கேள்வி கத்த நினைத்தது. ஆனால் கேள்விகளால் கத்த முடியாது, கேட்கத்தான் முடியும்.

“இவ குழந்தைன்னு உனக்குத் தெரியலையா?”

“விரல் யாரோடதுன்னு நான் பார்க்கிறதில்லை. பார்க்கணும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரலை.”

“செத்துப் போனானே ஒரு பையன், அவனும் இப்படித்தான் வந்தானா?”

“அந்த வீட்ல எனக்குச் சின்னத்தாத்தான்னு பேரு,” என்றது துப்பாக்கி. குரலில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. “விளையாட வாங்க தாத்தான்னு கூப்பிட்டான். நான் என்ன பண்ணட்டும்? நான் பாட்டுக்குப் படுத்திருந்தேன்.”

தோட்டத்திலிருந்து வனிதாவின் சத்தம் கேட்டது. “அடியே மிதுனா! தம்பிக்கு மூக்கு ஒழுகுதா பாரு!”

மிதுனா சாக்கை இழுத்துப் போர்த்திவிட்டாள். “நாளைக்கு வாரேன் பெரியப்பா,” என்று இறங்கினாள்.

நாளைக்கு! கேள்வி ரிப்பனை இறுகப் பிடித்துக்கொண்டது.

சாக்குத் தூசி சும்மா இருக்குமா? விடிந்ததும் மிதுனாவுக்கு மறுபடி நெஞ்சு இழுத்தது. வனிதா பக்கத்து எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டதால் வீரணன் ஒரு கையில் மகளையும் மறு கையில் மகனையும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் கேள்வி குதித்து இறங்கியது.

“மறுபடியும் வந்துட்டியா?” என்றது குண்டுக் கேள்வி. “உன் வார்த்தைக்குத்தான் உள்ளே இடம் இல்லையே.”

“வார்த்தைக்குத்தானே இடம் இல்லை?” என்றது கேள்வி.

செருப்புகளோடு செருப்பாகத் ‘துப்பாக்கி’யைக் கழற்றி வாசலில் விட்டது. பிறந்ததிலிருந்து அதற்கு இருந்த ஒரே சொத்து அந்த வார்த்தை.

“ஏண்டி, அதையும் விட்டுட்டா அப்புறம் நீ யாரு?”

“பதில் வந்தாப் போதாதா?” என்று கேட்டுவிட்டு உள்ளே நுழைந்து, டாக்டரின் நாக்கில் ஏறி உட்கார்ந்தது. யாரும் தடுக்கவில்லை. அவ்வளவு சாதுவாக இருந்தது பார்ப்பதற்கு.

டாக்டர் ஜெசிந்தா மிதுனாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

“உங்க வீட்ல யாரு யாரெல்லாம் இருக்கீங்க பாப்பா?”

“அம்மா, அப்பா, நானு, தம்பி. அப்புறம் பெரியப்பா.”

“பெரியப்பா என்ன வேலை பார்க்கிறாரு?”

“வேலைக்கே போக மாட்டாரு. பரண்ல சாக்குப் போத்திக்கிட்டுப் படுத்தே கிடப்பாரு.”

டாக்டரின் கை நின்றது. அவர் வீரணனைப் பார்த்தார். வீரணன் முந்திக்கொண்டார். “அது... எங்க அண்ணன். ஒடம்புக்குச் சுகமில்லாதவரு.”

“உடம்பு முடியாதவரைப் பரண்லயா போட்டு வைப்பாங்க? கூட்டிட்டு வாங்க வீரணன், நான் பார்க்கிறேன்.”

வரிசையில் ஒரு கிழவர் களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். அவர் வீட்டிலும் பரண் உண்டு.

“சாப்பிடுறாரா பெரியப்பா?” என்றார் டாக்டர்.

“நேத்து நான்தான் மிக்சர் ஊட்டிவிட்டேன். முழுங்கவே இல்லை. உள்ளே உருண்டு உருண்டு போச்சு.”

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கேள்வி, டாக்டரின் நாக்கிலிருந்து எம்பி, வீரணனின் நாக்கில் போய் விழுந்தது. அவருக்கே தெரியாமல் அவர் கேட்டார்.

“நீ எப்படிடி மேல ஏறுனே?”

“ஏணியிலதான். தம்பி பிடிச்சுக்குவான்.”

“தொட்டியா?”

“ம். பெரியப்பாவுக்கு ஒரே ஒரு விரல்தான்ப்பா இருக்கு. வளைஞ்சு போய் இருக்கு. அதைப் பிடிச்சு இழுத்தா எந்திரிப்பாருன்னு இழுத்துப் பார்த்தேன். கெட்டியா இருக்கு.” மிதுனா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “இன்னைக்கு நானும் தம்பியும் சேர்ந்து இழுக்கப் போறோம்.”

வரிசையில் நின்றவர்கள் மிதுனாவைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பிக்காரன் மட்டும், தன் பெயர் வந்த சந்தோஷத்தில், அப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

வீரணன் நோயாளிகள் உட்காருகிற ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். “போலீசு காதுல விழக் கூடாதுன்னுதான் டாக்டரம்மா அப்படிச் சொல்லி வெச்சோம். வேற ஒண்ணும் இல்லை.”

“பேரை ஒளிச்சு வெச்சீங்க,” என்றார் டாக்டர். “ஆளை ஒளிச்சு வைக்கலையே வீரணன். பெரியப்பான்னு சொன்னா புள்ளைங்க பாசமாத்தானே போகும்?”

வீரணன் மகளை அருகே இழுத்தார். மகளின் கைகளை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“அந்தக் கேள்வியைக் கேளுங்க டாக்டரம்மா.”

“எந்தக் கேள்வி?”

“நான் கேக்கக் கூடாதுன்னு சண்டை போட்டேனே, அது.”

“அது இங்கே கேட்கக் கூடாதுன்னு உத்தரவு. உங்களாலதான்.”

“என்னாலதானே? அப்ப நானே சொல்றேன், கேளுங்க. கதவைச் சாத்த வேணாம். இவுக அத்தனை பேரும் கேக்கட்டும். நான் ஒருத்தன்தான் பொய் சொன்னேன்னு நினைக்கிறீகளா? ஒவ்வொருத்தரா உள்ளே விட்டுக் கேளுங்க.”

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இருமல் கிழவர் இருமவில்லை.

வாசலில் கிடந்த ‘துப்பாக்கி’யைக் கேள்வி ஓடிப்போய் எடுத்துக்கொண்டது. இந்த முறை டாக்டர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. இருமல் எத்தனை நாளாக என்று கேட்பதுபோலவே கேட்டார்.

“வீட்டில் துப்பாக்கி இருக்கா?”

“இருக்கு தாயி. மருந்து கெட்டிச்சு, பரண்ல இருக்கு. நான் போய் அதை இறக்கிக் காலி பண்ணிட்டு வர்ற வரைக்கும், எம்புள்ளைக ரெண்டும் உங்க பக்கத்துலயே உக்காந்திருக்கட்டும்.”