பாட்டி கியர்

அன்றைக்குக் குழந்தைவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு மெர்சி டீச்சரின் சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

டீச்சருக்கு முப்பத்து மூன்று வயது. அவருக்கு ஐம்பத்து நாலு. சர்க்கரை வந்த பிறகு இந்தப் பெண்ணிடம்தான் சைக்கிளில் மலையேறக் கற்றுக்கொண்டார். மூன்றே வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறுகிற சைக்கிள் கூட்டத்துக்கு முன்னால் போகிறவராகவும் ஆகிவிட்டார். ஆனாலும் டீச்சர் வந்தால் எழுந்துதான் நிற்பார்.

காலையில் ஏற்காட்டு மலைப்பாதையில், பதினோராவது வளைவில், செண்பகம்மா சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். அறுபது வயது. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது உதடு வெளுத்திருந்தது. அவர் சைக்கிளைக் குழந்தைவேலுதான் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே மலையில் நடந்தது இப்போது முள்ளாய்க் குத்தியது. பின்சக்கரத்தில் இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலியை ஏற்றிவிட்டால், எந்த ஏற்றத்திலும் மிதி லேசாகிவிடும். வேகம் இருக்காது, அவ்வளவுதான். அன்றைக்குச் செண்பகம்மா அதைப் போட்டதும், மேல் வளைவில் நின்றிருந்த குழந்தைவேலு கூவினார்.

"பாட்டி கியர் விழுந்துடுச்சுப்பா. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துடுவாங்க."

கூட்டத்தில் இருந்த பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். செண்பகம்மாவும் சேர்ந்துதான் சிரித்தார்.

"டீச்சர், இது என் வாயால வந்த வினையா?"

டீச்சர் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

"எது?"

"அந்தப் பேர்."

"நீங்க வெச்ச பேராண்ணா?"

"இல்லீங்க. வெள்ளைக்காரன் 'கிரானி கியர்'னு வெச்சது. உலகம் பூரா அப்படித்தான் சொல்றாங்க. பின்தங்கற பசங்களை 'பொம்பளை மிதி மிதிக்கிறான்'னு சொல்றதில்லையா? மூச்சு வாங்கும்போது பேசற பேச்சு. அதுல மனசு நோக என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைன்னா ஏன் கேக்கறீங்க?"

குழந்தைவேலு கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்களும் அன்னிக்கு இருந்தீங்களே டீச்சர்."

"இருந்தேன். நானும் சிரிச்சேன்."

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. செண்பகம்மாவின் மகள். குழந்தைவேலு எழுந்து நின்று கேட்டார். உதடு மட்டும் முருகா, முருகா என்று அசைந்தது.

"நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லையாம். உடம்புல உப்பு குறைஞ்சு போச்சாம். முட்டிச் சவ்வு பிசகியிருக்காம். ஆறு வாரம் ஓய்வு."

"கடவுள் கண்ணைத் திறந்தார்."

"முழுசாத் திறக்கலை டீச்சர். சைக்கிளை யாருக்காவது குடுத்துடச் சொல்லிட்டாங்களாம். வயசுக்குத் தகுந்த மாதிரி வீட்டுல கிடந்திருக்கணும்னு மக கையைப் பிடிச்சுட்டு அழுதாங்களாம். பெத்த பொண்ணு முன்னாடி ஒரு நாளும் அழுதவங்க இல்லையாம்."

டீச்சர் ட்யூபைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"செண்பகம்மா சைக்கிளை ஸ்டாண்டுல மாட்டுங்க. அந்தக் கியரைப் போடுங்க."

குழந்தைவேலு ஒரு கையால் பெடலைச் சுற்றி, மறு கையால் கியரை மாற்றினார். சங்கிலி ஒவ்வொரு பல்சக்கரமாக ஏறியது. பெரியதற்கு ஒன்று முன்னால் நின்றுவிட்டது. மறுபடி போட்டார். ஏறவில்லை.

"கம்பி தளர்ந்திருக்கும்."

"பாருங்க."

கம்பி விறைப்பாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தார். சங்கிலி எதுவரை போகலாம் என்று எல்லை கட்டுகிற சின்னத் திருகாணி ஒன்று உண்டு. அதை ஒட்ட முறுக்கியிருந்தார்கள். அதன் தலையில் புதுக் கீறல்.

"எவனோ தொழில் தெரியாதவன் தப்பா முறுக்கியிருக்கான், டீச்சர்."

"தொழில் தெரிஞ்ச சைக்கிள் கடைக்காரர்தான். மத்தியானம் அவரே எனக்கு போன் பண்ணினார். புதன்கிழமை அம்மா அவர் கடைக்குப் போயிருக்காங்க. பெரிய சக்கரத்துக்குச் சங்கிலி ஏறவே கூடாது, அடைச்சுக் குடுங்கன்னு கேட்டிருக்காங்க. அவர் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கார். கால் கெஞ்சினா கை தானாப் போட்டுடும் தம்பி, அதுக்குத்தான்னாங்களாம்."

குழந்தைவேலு திருகாணியின் கீறலை விரலால் தடவினார். "அது இல்லாமலேயா பதினோரு வளைவு ஏறினாங்க?"

டீச்சர் சுவரோரம் இருந்த குழந்தைவேலுவின் சைக்கிளைத் தூக்கிவந்து பக்கத்தில் தலைகீழாக நிறுத்தினார். ஒரு துணியால் பின்சக்கரத்தைத் துடைத்தார். சின்னப் பல்சக்கரங்கள் எல்லாம் கறுப்பேறிக் கிடந்தன. பெரியது மட்டும் தேய்ந்து பளபளத்தது. அதன் பற்கள் ஊசியாகியிருந்தன.

"எந்த வளைவுல இதைப் போடுவீங்கண்ணா?"

"மூணாவதுல."

"மத்தவங்க?"

"அஞ்சாவது, ஆறாவது. எட்டாவதுக்குள்ள எல்லாரும் போட்டுடுவோம். இது இல்லாம அந்த மலையில ஏற முடியுங்களா?"

"அப்ப யாராவது பேர் சொல்வாங்களா?"

"சொன்னதில்லைங்க." பிறகு மெதுவாக, "நமக்கு யாரும் சொன்னதில்லை" என்றார்.

வெளியே பால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார். குழந்தைவேலு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் அவங்க கால்ல விழுந்துடறேன் டீச்சர். இனிமே செத்தாலும் அந்தப் பேர் என் வாயில வராது. யாரையும் சொல்லவும் விட மாட்டேன்."

டீச்சர் செண்பகம்மாவின் சைக்கிள் பக்கம் குனிந்து, திருகாணியை அரைச் சுற்று, இன்னொரு அரைச் சுற்று என்று தளர்த்தினார். பெடலைச் சுற்றியதும் சங்கிலி ஏறிப் பெரிய சக்கரத்தில் உட்கார்ந்தது.

"சொல்லுங்க," என்றார்.

"எதை?"

"அந்தப் பேரை. வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவது வளைவுல நீங்க கியர் மாத்தும்போது. அன்னிக்குக் கூவின அதே சத்தத்துல, பத்தொன்பது பேருக்கும் கேக்கற மாதிரி. சொல்லிட்டு அதுலயே மேல வரைக்கும் ஏறுங்க. அதுக்கப்புறம் போய் அம்மாவைப் பாருங்க."

குழந்தைவேலு அங்கேயே ஒருதரம் சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார். கொட்டகையில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அப்போதும் அந்தப் பேர் வாயில் வரவில்லை.