திராட்சை போட்ட பொங்கல்

"பண்டிகை அன்னிக்கு வாசல் காக்கிறவனுக்குத்தான் முதல் பிடி. அப்புறம்..."

அப்பா சொல்லி வந்த பேச்சில் கரடியண்ணனுக்கு நினைவிருந்தது இவ்வளவுதான். அதற்குப் பின் அவர் என்ன சொன்னார் என்று தலையைச் சொறிந்து பார்த்தது. வரவில்லை. சரி என்று பானையைக் கிளறத் தொடங்கியது.

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், அந்தக் கரடியின் குகை வாசலைக் காத்து வந்தது செவலை என்னும் நாய். போன மழைக்காலத்தில், குட்டிகள் தூங்கிய இடத்துக்கு மலைப்பாம்பு ஊர்ந்து வந்தபோது, விடாமல் குரைத்து அதை விரட்டியது செவலைதான். அந்த நன்றிக்காகவே இந்த வருடம் தேன் திருநாளைக் கரடி பெரிதாகக் கொண்டாடியது. பானையில் தினை வெந்தது. தேன் விழுந்தது. ஊர்ச் சந்தையிலிருந்து குரங்கு எடுத்து வந்த உலர்ந்த திராட்சையும் இரண்டு கை விழுந்தது.

செவலைக்கு ஒரு குணம். அன்போடு யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. கரடி வைத்த முதல் பிடியை வாலை ஆட்டிக்கொண்டே தின்றது.

குரங்குக்கு, தான் கொடுப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். பொங்கலிலிருந்து திராட்சையை மட்டும் பொறுக்கி ஓர் இலை நிறைய எடுத்து வந்தது.

"இந்தா தம்பி, பொங்கலை எல்லாரும் தருவாங்க. திராட்சையை யார் தருவா?"

மரத்திலிருந்து காகம் கத்தியது.

"அண்ணே, கொடுக்காதீங்க. நாய்க்குத் திராட்சை ஆகாது. ஊருக்குள்ள ஒரு வீட்டுச் சமையற்கட்டு ஜன்னல்ல உட்கார்ந்து பார்த்திருக்கேன். தீபாவளிப் பாயசத்துத் திராட்சையைத் தின்ன நாய் மூணு நாள் தாண்டலை."

"நாய்க்கு ஆகாது, காக்காவுக்கு மட்டும் ஆகுமாக்கும்?" என்று குரங்கு சிரித்தது. "அடுத்தவன் இலையைப் பார்த்தே வளர்ந்தவன் பேசுறான், கேட்டுக்குங்க."

"பசிச்சா கேளு, தரேன். நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பேசாதே," என்று காகத்திடம் சொன்னது கரடி.

செவலை இலைப் பக்கம் குனிந்தது. காகம் விருட்டென்று இறங்கி, இலை நுனியைக் கவ்வி இழுத்தது. திராட்சை முழுவதும் பக்கத்து ஓடையில் கொட்டிப்போனது. கரடி எறிந்த அகப்பை காகத்தின் இறக்கையில் பட்டது. அது தாழப் பறந்து ஒரு புதரில் போய் விழுந்தது.

"திருட்டுப் பயலே, உனக்கும் இல்லாம அவனுக்கும் இல்லாம பண்ணிட்டியே," என்று கரடி திட்டியது.

"எனக்கு வேண்டாம்ணே," என்றது காகம். "அவன் முன்னாடியே தின்னானே, அதுதான் கவலை."

பொழுது சாய்வதற்குள் செவலை வாந்தி எடுத்தது. தண்ணீரை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்," என்றது குரங்கு.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே தூக்குங்க," என்று புதருக்குள்ளிருந்து காகம் சொன்னது.

கரடி செவலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது. வைத்தியர் நாரை, வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கேட்டது.

"என்ன தின்னான்? மறைக்காம சொல்லு."

"என் கையால ஒரு பிடி பொங்கல். அதுல நாலைஞ்சு திராட்சை இருந்திருக்கும்."

"அதோட நின்னுதா?"

"ஒரு இலை நிறைய வந்தது. காக்கா தட்டிவிட்டுட்டான்."

"அதுவும் உள்ள போயிருந்தா, நீ என்கிட்ட ஓடி வந்தும் பிரயோசனம் இல்லை," என்றது நாரை.

மூன்று நாள் மருந்து இறங்கியது. நான்காம் நாள் காலையில் செவலை தானாக எழுந்துபோய் ஓடையில் தண்ணீர் குடித்தது. கரடி பச்சிலை அரைத்து எடுத்துக்கொண்டு நேரே புதருக்குப் போனது.

"அடிச்ச கை இது. மன்னிச்சுக்க தம்பி."

"கை கிடக்கட்டும்ணே. அவன் தண்ணி குடிச்சானா?"

கரடி தலையை ஆட்டியது. காகத்தின் இறக்கையை மெல்ல விரித்து, பச்சிலையைத் தடவிவிட்டது. பிறகு அதைத் தன் தோளில் உட்கார்த்தி, செவலையிடம் அழைத்துச் சென்றது.

அடுத்த திருநாளிலிருந்து, பானையில் எதுவும் சேர்ப்பதற்கு முன்பே செவலைக்கு வெறும் தினைச் சோற்றைத் தனியாக எடுத்து வைப்பதென்றும், விருந்தாளிகள் தங்கள் இலையிலிருந்து அதற்கு எதையும் தரக் கூடாதென்றும் கரடி முடிவு செய்தது. அப்பா சொன்னதில் மறந்துபோன மீதியும் அப்போதுதான் அதற்கு நினைவு வந்தது: "அப்புறந்தான் பானையில மத்ததெல்லாம்."

நீதி: அன்பாகக் கொடுத்தாலும், வாங்குகிற உடம்புக்கு ஆகாததைக் கொடுக்கலாகாது.