பிழியாத நிலபாவாடை

கப்பல் வந்தால்தான் காலம் நகரும் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு தீவில் ஒரு நிலபாவாடை இருந்தது. நாற்பது முழம் நீளம், நல்ல வெள்ளை. கடலுக்கு அப்பாலிருந்து தீவை ஆள வரும் ஒவ்வொரு கவர்னரும் கப்பலை விட்டு இறங்கியதும் கால் வைக்கும் துணி அதுதான். இறங்குதுறையிலிருந்து குதிரை வண்டி வரைக்கும் அதை விரித்துவிடுவார்கள். துரையின் காலில் மண் படக்கூடாதாம். மண்ணை ஆள வருகிறவருக்கு மண் ஆகாதா என்று கேட்க அந்தத் தீவில் யாருக்கும் வாய் இருக்கவில்லை.

ஆரம்பத்தில் நிலபாவாடை பெருமை பிடித்த துணியாகத்தான் இருந்தது. துறைமுகத்துச் சாக்குகளிடம் தன் பிறப்பைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும். முதல் கவர்னர் இறங்கிய அன்று அவர் காலில் போட்டிருந்த சப்பாத்துகளிடம் அது பணிவாகக் கேட்டது.

"ஐயா, உங்கள் எசமான் இங்கே எவ்வளவு காலம் இருப்பார்?"

"இதைவிடப் பெரிய தீவு கிடைக்கும் வரை" என்றன சப்பாத்துகள். "இது எங்களுக்கு வழியில் இருக்கிற ஊர்."

அந்தத் தீவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இனித்தது. அதற்கு நல்ல கிணறு என்று பெயர். முதல் கவர்னர் தன் மாளிகையை அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் கட்டினார். பிறகு கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பினார். மதிலில் ஒரு சின்னக் கதவு, கதவில் தன் நாட்டிலிருந்து கொண்டுவந்த இரும்புப் பூட்டு. மாளிகையின் தேவைக்கும், கவர்னர் நடக்கும் துணியைத் துவைப்பதற்கும் அன்றி இந்தக் கதவு திறக்கப்படலாகாது என்று ஓர் உத்தரவும் எழுதி வைத்துவிட்டுப் பெரிய தீவுக்குப் போய்விட்டார். அவர் போய்விட்டார். உத்தரவு போகவில்லை.

"வெளியே சனங்கள் தாகத்தோடு நிற்கிறார்களே" என்று நிலபாவாடை ஒருமுறை பூட்டிடம் சொல்லிப் பார்த்தது.

"எனக்கு எழுதினபடிதான் திறக்கத் தெரியும்" என்றது பூட்டு. "தாகம் என்று அதில் எழுதியிருக்கவில்லை."

மதிலுக்கு வெளியே சலவைத் தெரு. அங்கே உள்ளவர்கள் குடித்தது குட்டைத் தண்ணீர். கோடையில் குட்டை கலங்கும், கலங்கினால் வயிற்றோட்டம் வரும், வந்தால் ஒன்றிரண்டு வீடுகள் பூட்டிப் போகும். இது மழை வெயில் போல அந்தத் தெருவுக்குப் பழகிப்போன விஷயம்.

துணி துவைக்க உள்ளே போகிற பெண்கள் குடம் கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் காவற்காரன் நிற்பான். ஆனால் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிலபாவாடையைத் துவைத்து அலசி, கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, பிழியாமல் அப்படியே தலையில் சுமந்துகொண்டு வந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து பிழிந்தால் ஒரு குடம் தேறும். துணி நன்றாகக் குடித்திருந்தால் ஒன்றரைக் குடம். அந்தத் தண்ணீரில் துவைத்த சவர்க்காரம் கொஞ்சம் மணக்கும். ஆனாலும் இனிக்கும். நோயில் கிடக்கிறவர்களுக்கு அதுதான் மருந்து.

ஒரு கவர்னர் வந்தால் இரண்டு துவைப்பு. இறங்குவதற்கு முன் ஒன்று, மிதித்து முடிந்த பின் ஒன்று. அதனால் புதுக் கவர்னர் வருகிறார் என்று கேள்விப்பட்டால் சலவைத் தெருவில் பறை முழங்கும், பிள்ளைகள் ஆடுவார்கள். இறங்குதுறையில் நின்று தொண்டை கிழியக் குரவையிடுவார்கள். கவர்னர்கள் மனம் நெகிழ்ந்து, இந்த எளிய மக்கள் எங்களை எப்படி நேசிக்கிறார்கள் பாருங்கள் என்று சீமைக்குக் கடிதம் எழுதினார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரு கவர்னர் சீக்கிரம் மாற்றலாகிப் போக வேண்டும், அடுத்தவர் சீக்கிரம் வர வேண்டும் என்று அந்தத் தெருவைப் போல நேர்த்தி வைத்த தெரு வேறெங்கும் இருந்திருக்காது.

நிலபாவாடையின் பெருமை எப்போது போனதென்று அதற்கே தெரியாது. மிதிபடுவதற்காக அல்லாமல் பிழியப்படுவதற்காக அது காத்திருக்கத் தொடங்கியது.

நான்காவது கவர்னர் காலத்திலிருந்து அதைத் துவைத்து வந்தவள் நாகாத்தை. தெருத் தெருவாகப் போய் அழுக்குத் துணி எடுக்கிறவள். எந்த உருப்படி எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைத்திருந்தாள். சேங்கொட்டைச் சாற்றில் ஊசியைத் தோய்த்துத் துணி ஓரத்தில் போட்டால் அந்தக் குறி எத்தனை துவைப்புக்கும் அழியாது. அவளுடைய மூத்த பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே கோடையில் செத்தபோது, தன் வீட்டுக் குறியை நிலபாவாடையின் ஓரத்தில் இரண்டு தரம் போட்டாள். பிறகு செத்த வீடுகளின் குறிகளை எல்லாம் போட்டுக்கொண்டே வந்தாள். ஓரம் நிறைந்து, குறிகள் நடுத்துணிக்கு வந்துவிட்டன.

எட்டாவது கவர்னரின் சப்பாத்துகள் நடந்தபடியே குனிந்து பார்த்தன. "நல்ல பூவேலை" என்றன.

"பூ இல்லை ஐயா, வீடுகள்" என்றது நிலபாவாடை.

"வீடுகளா? நாங்கள் மிதித்து எந்த வீடும் இடிந்ததில்லையே" என்று சொல்லிக்கொண்டே அவை போய்விட்டன.

ஒன்பதாவதாக இறங்கிய கவர்னர், ஒரு நாள் திடீரென்று கொடியையும் மடித்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். தீவு இனித் தீவாருக்கே என்றார்கள். பத்தாவதாக வரப்போகிறவர் சொந்த ஊர்க்காரர். சலவைத் தெருவுக்கு அடுத்த தெருவில் பிறந்து, சீமையில் சட்டம் படித்து, அங்கேயே இருந்து தீவுக்காக வாதாடிய சிவக்கொழுந்து. அவருடைய தாயும் ஒரு கோடையில் அந்தக் குட்டைத் தண்ணீரால்தான் செத்தாள். அவள் வீட்டுக் குறி, ஒரு கொக்கியும் அதன் கீழ் இரண்டு புள்ளியும், நிலபாவாடையின் நடுவிலே இருந்தது.

அந்தக் கோடையில் நாகாத்தையின் மிஞ்சியிருந்த ஒரே மகள் பவளம் படுத்துவிட்டாள். ஆறு மாதக் கர்ப்பம். குடித்ததெல்லாம் வெளியே போயிற்று. நல்ல தண்ணீரில் கஞ்சி வைத்துக் கொடுத்தால் தப்புவாள், குட்டைத் தண்ணீர் கொடுத்தால் பொறுப்பில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார்.

"அம்மா, கப்பல் எப்ப வரும்?" என்று பவளம் பாயில் கிடந்தபடி கேட்டாள்.

"வாற வெள்ளி எண்டு சொல்லுகினம். முதல் துவைப்புக்கு நாளைக்குக் கதவு திறப்பினம். பொறு பிள்ளை."

"இந்த முறை வாறவர் எங்கட ஆள் எல்லோ. கிணத்தையே திறந்து விடமாட்டாரோ?"

"திறப்பார். அவருக்கு ஆரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. தாயைத் திண்ட தண்ணியை மறப்பாரோ?"

மறுநாள் கதவு திறந்தது. நிலபாவாடை தன் ஒவ்வொரு இழையாலும் குடித்தது. அத்தனை காலமும் குடிக்காத அளவுக்குக் குடித்தது. காவற்காரன் இராசையா, நாகாத்தையின் முதுகில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டில் பிழிந்தபோது இரண்டு குடம் நிறைந்தது. இரண்டு நாள் கழித்துப் பவளம் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை இரண்டும் காலியாயின. அன்று பின்னேரம் இரண்டாவது துவைப்பு இருக்கிறதென்பதால் நாகாத்தை கவலைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை ஊரே துறையில் நின்றது. சிவக்கொழுந்து இறங்கினார். இரண்டடி வைத்தார், மூன்றாவது அடி வைக்கவில்லை. நிலபாவாடை மூச்சை அடக்கிக்கொண்டது. இதுவரை எந்தச் சப்பாத்தும் அதன்மேல் நின்றதில்லை.

"நாகாத்தை" என்று அவர் கூட்டத்தில் தேடிக் கூப்பிட்டார். "இது எங்கட வீட்டுக் குறி எல்லோ?"

"ஓம் ஐயா. இதெல்லாம் செத்த வீடுகள். நல்ல தண்ணி கிடையாமல் செத்த வீடுகள் ஐயா."

சிவக்கொழுந்து அழுதார். அது நடிப்பில்லை, கண்ணீர் துணியில் விழுந்ததை நிலபாவாடையே உணர்ந்தது. அவர் குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினார். துணியை விட்டு விலகி வெறுங்காலோடு மணலில் இறங்கினார்.

"இனி இந்தத் தீவில ஒருத்தரின்ர காலுக்கும் ஒருத்தரும் துணி விரிக்கக்கூடாது" என்றார். "எங்கட செத்த சனத்துக்கு மேல நான் நடக்கமாட்டன். இது இண்டையிலிருந்து சட்டம்."

கூட்டம் ஆர்ப்பரித்தது. நாகாத்தையும் அழுதாள், கையெடுத்துக் கும்பிட்டாள். நிலபாவாடை பூரித்துப் போயிற்று. ஒன்பது பேர் மிதித்த உடம்பு அது.

"தண்ணி, ஐயா..." என்று நாகாத்தை தொடங்கினாள்.

"எல்லாத்தையும் விசாரிக்க ஒரு குழு போடுவம்" என்று அவர் அவள் கையைப் பிடித்துச் சொன்னார். பிறகு உதவியாளர்களிடம் திரும்பினார். "இந்தத் துணியை மாளிகை மண்டபத்தில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வையுங்கோ. துவைக்க வேண்டாம். இந்த அழுக்குத்தான் எங்கட சரித்திரம்."

பின்னேரம் நாகாத்தை கிணற்று வாசலுக்குப் போனாள். தலையில் துணி இல்லை. இடுப்பில் வெறுங்குடம்.

"அக்கா, துணி எங்கை?" என்றான் இராசையா.

"பெட்டிக்குள்ள வைச்சிட்டினம். ஒரு குடம் விடு தம்பி. பிள்ளை கிடக்கிறாள்."

"ஈரத் துணி எண்டா நான் கண்ணை மூடலாம். குடத்தை எப்பிடிக் காணாமல் விடுறது? என்னை வேலையால நிப்பாட்டிப் போடுவினம்." அவன் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எப்பிடியாவது துணியைக் கொண்டு வா அக்கா. துணியைக் கண்டாத் திறக்கிறன்."

பூட்டு எழுதினபடியே பூட்டிக் கிடந்தது. உத்தரவை எழுதியவரும் போய், அவருக்குப் பின் வந்த எட்டுப் பேரும் போயாயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமிக்கோ, தான் வரம் கொடுக்கவில்லை என்பதே தெரியாது. சிவக்கொழுந்து ஊர் ஊராகப் போய், துணி விரிக்கும் அடிமைத்தனம் ஒழிந்தது என்று பேசிக்கொண்டிருந்தார். போன இடமெல்லாம் மாலை விழுந்தது.

நாகாத்தை மண்டபத்துக்குப் போனாள். நிலபாவாடையைப் பார்க்க வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

"இதை ஒருக்காத் தாங்கோ ஐயா. துவைச்சுக் கொண்டுவந்து தாறன்" என்று மண்டபச் சேவகனிடம் கேட்டாள்.

"என்ன கதை கதைக்கிறாய்? உங்களைத் துவைக்க வைச்ச காலம் போயிட்டுது. வீட்டில போய்ச் சந்தோசமா இரு."

பெட்டிக்குள் நிலபாவாடை துடித்தது. "கண்ணாடியே, கொஞ்சம் விலகு. அவள் என்னை எடுக்கட்டும்."

"உன்னைத் தூசியிலிருந்து காப்பதுதான் என் வேலை" என்றது கண்ணாடி. அது கெட்ட கண்ணாடி இல்லை. "இனி உன்மேல் ஓர் அழுக்கும் படாது."

"எனக்கு அழுக்கு வேண்டும். அழுக்கானால்தான் என்னைத் துவைப்பார்கள். துவைத்தால்தான் கதவு திறக்கும்."

"பாவம், அடிமையாகவே இருந்து பழகிவிட்டாய்" என்று கண்ணாடி இரக்கத்தோடு சொன்னது. வரிசையில் நின்ற படித்தவர் ஒருவரும் நாகாத்தையைக் காட்டி, ஏறக்குறைய அதையேதான் தன் மனைவியிடம் சொன்னார்.

அடுத்த வியாழன் பவளம் செத்தாள். பிள்ளையும் வயிற்றோடு போயிற்று. கடைசியாக அவள் குடித்தது குட்டைத் தண்ணீர். வேறென்ன இருந்தது கொடுக்க?

காரியங்கள் முடிந்ததும் நாகாத்தை சேங்கொட்டைச் சாற்றோடும் ஊசியோடும் மண்டபத்துக்கு வந்தாள். மூன்றாவது தரமாகத் தன் வீட்டுக் குறியைப் போட வேண்டும். நிலபாவாடை அவளுக்காக இடம் வைத்திருந்தது, அவளுடைய இரண்டு பிள்ளைகளின் குறிகளுக்குப் பக்கத்திலே. ஆனால் ஊசி கண்ணாடியில் வழுக்கியது. அவள் சாற்றில் விரலைத் தோய்த்துக் கண்ணாடியின்மேல் எழுதினாள். அவள் வீட்டுக் குறி ஒரு கோடும் ஒரு வட்டமும். எழுதி முடித்ததும் வெளியே போனாள்.

சேங்கொட்டைக் குறி எந்தத் துவைப்புக்கும் அழியாது என்று அவளுக்குத் தெரியும். அது துணிக்குத்தான் என்று தெரியாமற் போயிற்று.

மறுநாள் காலை கிணற்றுப் பூட்டு திறந்தது. சரித்திரச் சின்னத்தின் கண்ணாடியை நாள்தோறும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று புதிதாக ஓர் உத்தரவு வந்திருந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் கண்ணாடியில் வெள்ளையாகப் படியுமாம். சேவகன் நல்ல கிணற்றில் ஒரு வாளி நிறைய மொண்டு வந்து, கண்ணாடியில் இருந்த கறையைத் துடைத்துவிட்டு, மிச்சத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினான்.