ஒரு தேதிக்கு ஒரு கல்யாணம்

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைவோம்; அதெல்லாம் ஒரு காலம். என்னோடு ஆக்சஸ் என்ற தகவல் பதியும் மென்பொருளைப் படித்த செண்பகவல்லி, கல்யாண மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்து முன்பதிவை எல்லாம் அதில் ஏற்றினாள். ஒரே தேதியை இரண்டாம் முறை போட்டால் ஏற்காதபடி அமைத்திருந்தாள்.

ஒருநாள் மண்டபத்துக் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு வந்தார் டவுன் பஞ்சாயத்து சேர்மன். "அந்த பெயிண்டர் தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பதிஞ்சு வச்ச ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் என் மகளுக்கு வேணும்."

"அந்தத் தேதியை நீங்களே தட்டிப் பாருங்கய்யா" என்றாள் செண்பகவல்லி.

தட்டினார். மெஷின் மறுத்தது.

"செருப்போட தட்டினா கேக்காதுங்கய்யா."

கழற்றிவிட்டுத் தட்டினார். மறுபடியும் மறுத்தது. முன்பதிவு செய்ய வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது.

"அவன் பேரை அழி!"

"அழிக்கிறேங்கய்யா. யார் சொல்லி அழிச்சோம்னு ஒரு கட்டம் இருக்கு. உங்க பேரைப் போடட்டுமா?"

தேர்தல் நெருங்கியிருந்தது. சேர்மன் கூட்டத்தைப் பார்த்தார். "வேற தேதி பாரும்மா."

பெயிண்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரும் வந்தார். அந்த அறையைக் கடக்கும்போது மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.